பேர் சொல்லாம ஒரு செபம்

1

ஸ்டெல்லா, ஏ பிள்ள ஸ்டெல்லா, இன்னைக்கு உனக்கு வருசப் பூசை.

அம்மா காலையிலயே போன் போட்டுச்சு. பூசையில சாமியார் உன் பேர வாசிச்சப்ப அது அப்டியே பெஞ்சுல உக்காந்துருச்சாம். நான் இங்க குவைத்துல குபூஸ் கம்பெனியில நின்னுக்கிட்டு இருந்தேன். குபூஸ்னா வட்டமா, உப்பிக்கிட்டு வர்ற ரொட்டி. மிசின்ல இருந்து சூடா விழுக விழுக அடுக்கிப் பையில போடணும், அதான் என் வேலை. உன் பேர அங்க வாசிக்கிற நேரத்துல நான் ரொட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன் பிள்ள. மிசின நிறுத்த முடியாது. கை பாட்டுக்கு அடுக்குது, கண்ணு பாட்டுக்கு வடியுது. பக்கத்துல நின்ன எகிப்துக்காரன் என் கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான். சுட்டுக்கிட்டேன்னு நெனச்சுட்டான் பாவம். இல்லன்னு சொல்ல எனக்கு அரபியும் வரல, ஒண்ணும் வரல.

படிக்கிறவங்களுக்குச் சொல்லிர்றேன். ஸ்டெல்லா என் தங்கச்சி. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். திண்டுக்கல்லு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பாத்துச்சு. இன்டர்நெட்டுல ஒரு செப வெப்சைட்டு நடத்துச்சு. போன வருசம் காய்ச்சல்ல செத்துப் போச்சு. அம்புட்டுத்தேன்.

நான் எட்டாவதோட நின்னவன். பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கங்க. நம்ம ஊர்ப் பக்கம் இப்ப அங்கங்க சின்னப் பிள்ளைக செபத்துக்குன்னு வெப்சைட்டு ஆரம்பிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லதுதான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுருங்க.

2

எங்க தெருவுல அருளப்பன் மாமான்னு ஒருத்தரு. பூட்டுக்கடை வச்சிருக்காரு. கடை மாடியில வியாழக்கிழமை சாயங்காலம் செபக்குழு நடக்கும். படிக்கட்டுல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். யாருக்கு என்ன கஷ்டமோ சின்னத் தாளுல எழுதி அதுல போட்டுட்டு வந்து உக்காருவாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு ஸ்டெல்லா எழுதிக் குடுக்கும். மாமா ஒண்ணு ஒண்ணா எடுத்து வாசிப்பாரு. எங்க குழுவுல வழக்கம் என்னன்னா, பேரு, ஊரு, யாரு மக, என்ன நோவு, எல்லாத்தயும் சத்தமா வாசிக்கணும். வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் "ஆண்டவரே, கேட்டருளும்"னு சொல்லுவோம்.

"டாக்டர்கிட்டப் போயி 'ஒடம்பு சரியில்ல'ன்னு மட்டும் சொன்னா மருந்து குடுப்பானா?"னு மாமா கேப்பாரு. "எங்க வலிக்குதுன்னு சொல்லணும்ல? ஆண்டவருகிட்டயும் அப்டித்தேன்."

எங்களுக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. மாடியில இருக்கிறது நாப்பது அம்பது பேரு. எல்லாம் தெரிஞ்ச மொகம். யாரு வீட்டுக் கஷ்டம்னு தெரிஞ்சாத்தான ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வரலாம்.

நான் குவைத்துக்கு வந்த புதுசுல வியாழக்கிழமை ஆனா ஒரு மாதிரி இருக்கும். ரூமுல ஆறு பேரு, மேல ஒரு கட்டிலு கீழ ஒரு கட்டிலு. வெள்ளிக்கிழமை லீவு, அன்னைக்குத்தான் துணி தொவைக்கிறது, ஊருக்குப் பேசுறது. அப்டிப் பேசுனப்ப ஸ்டெல்லாகிட்ட, "இங்க எல்லாம் இருக்கு பிள்ள, மாமா டப்பா மட்டும்தான் இல்ல"ன்னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன்.

"அண்ணே, அத அப்டியே கம்ப்யூட்டர்ல ஏத்திவிட்டா நீ அங்க இருந்தே செபிக்கலாம்ல?"னுச்சு.

ஏத்திவிட்டுருச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல. சென்டருக்கு ஆள் வராத மத்தியான நேரத்துல தானாவே உக்காந்து பழகுச்சு. முதல்ல இங்க குவைத்துல நான் போற பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் ஏதோ எழுத்துரு எறக்கணும்னு போன்ல சொல்லிச் சொல்லி எனக்குப் படிச்சுக் குடுத்துச்சு. மொத மொதலா தமிழ் எழுத்து அந்தக் கண்ணாடியில தெரிஞ்சப்ப நான் சத்தம் போட்டுட்டேன், சென்டர்க்காரன் எந்திரிச்சு வந்துட்டான்.

வெள்ளிக்கிழமை ஆனா நான் அத பிரிண்ட் எடுத்துட்டு ரூமுக்கு வருவேன். நம்ம ஊர்க்காரங்க பத்துப் பதினஞ்சு பேரு கூடுவாங்க. வாசிப்போம், கேட்டருளும் சொல்லுவோம், ஒரே சோறா ஆக்கிச் சாப்பிடுவோம். "அந்தோணி தங்கச்சி நடத்துற சைட்டு"ன்னு சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிந்துக்கும். எட்டாவது படிச்சவனுக்கு வேற என்ன பெருமை இருக்கு?

ஒரு தடவ என் ரூம்மேட்டு தேவராஜோட பெரியப்பாவுக்கு மூலம், ஒக்கார முடியல, செபிக்கவும்னு வந்துருச்சு. பேரு, ஊரு எல்லாம் போட்டு. (தேவராஜ்கிட்டக் கேட்டுட்டுத்தான் இத எழுதுறேன். பெரியப்பா இப்ப இல்ல. இருந்தாலும் சிரிப்பாருன்னான்.) அன்னையில இருந்து எங்க பில்டிங்கு லிப்டுல ஏறுனாப் போதும், "என்ன அப்பு, பெரியப்பா ஒக்காந்துட்டாரா?"ம்பானுக. தேவராஜும், "இன்னும் நின்னுக்கிட்டுத்தேன் இருக்காரு, நீ வேணா போயி ஒக்காரு"ம்பான். துபாயில இருந்து ஒருத்தன் போன் பண்ணிக் கேட்டுட்டான்யா, மூலத்த.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஒரு மாடியில வாசிச்சது துபாய் வரைக்கும் போகுதேன்னு ஒருத்தருக்குக் கூடத் தோணல.

3

இப்ப அந்தப் பிள்ளையப் பத்திச் சொல்லணும்.

பேரு சொல்ல மாட்டேன். ஊரு சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லுக்குக் கெழக்கயா மேக்கயான்னு கூடச் சொல்ல மாட்டேன். சின்ன வயசுல இருந்து ஒரு நோவு. அது என்னன்னும் எழுத மாட்டேன். மாத்திரை போட்டா ஒண்ணும் செய்யாது, பிள்ள தோட்ட வேலை, வீட்டு வேலை எல்லாம் பாக்கும். கல்யாணம் நிச்சயமாகி இருந்துச்சு.

நம்ம கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்டச் சொல்லணும்னு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை அந்தப் பிள்ளையோட அம்மா பஸ் ஏறி வந்து பூட்டுக்கடை மாடியில உக்காந்துச்சு. எழுதத் தெரியாது. ஸ்டெல்லாதான் எழுதிக் குடுத்துச்சு. மாமா வாசிச்சாரு. எல்லாரும் கேட்டருளும் சொன்னாங்க. அந்த அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிருச்சு.

மறுநாள் ஸ்டெல்லா எப்பவும் போல எல்லாத்தயும் டைப் பண்ணி ஏத்திவிட்டுச்சு.

மாப்பிள்ளையோட அண்ணன் எங்க பில்டிங்குல மூணாவது மாடி. வேத்து ஆளு இல்ல, வெள்ளிக்கிழமை எங்க கூட ஒக்காந்து சாப்பிடுறவருதான். அன்னைக்கும் பிரிண்ட நான் தேவராஜ்கிட்டக் குடுத்தேன், அவன் வாசிச்சான். பேரு வந்துச்சு. ஊரு வந்துச்சு. இன்னாரு மகள்னு வந்துச்சு. தேவராஜுக்கு என்ன தெரியும், அவன் பாட்டுக்கு நோவையும் வாசிச்சு முடிச்சுட்டான். எல்லாரும் கேட்டருளும்னு சொன்னோம். அவரு மட்டும் சொல்லல.

அப்புறம் அந்தத் தாள வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

"அண்ணே, சோறு"ன்னேன்.

"உன் தங்கச்சிதான இத நடத்துறது?"

"ஆமாண்ணே."

"நல்லா இருக்கட்டும்"னுட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சோத்துச் சட்டி எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது.

அந்த ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை வாசிக்கல. வாசிக்காததுலயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு.

இங்க ஒருத்தன் சொன்னான், "தடை தெரிஞ்சாச் சொல்லணும்னுதான ஓலையே வாசிக்கிறது. உன் தங்கச்சி சொல்லிருச்சு, விடுப்பா"ன்னு. இன்னொருத்தன், மறைச்சது அவங்க தப்புன்னான். இதெல்லாத்தயும் ஸ்டெல்லாகிட்டச் சொன்னேன். அது கேட்டுச்சு, "சொல்றதா இருந்தா அந்தப் பிள்ளதானண்ணே சொல்லணும்? நான் யாரு சொல்றதுக்கு?"

4

வெப்சைட்டுல அந்தப் பக்கத்த ஸ்டெல்லா ஒடனே எடுத்துருச்சு. அதோட விட்டுருச்சுன்னு நெனச்சேன். விடல.

பிள்ளையோட அப்பா பூட்டுக்கடைக்கு வந்து யாரு செஞ்சதுன்னு கேட்டாராம். மாமா, அது கம்ப்யூட்டர்ல ஏதோ ஆகிப்போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஸ்டெல்லா அன்னைக்குச் சென்டர்ல இருந்துச்சு, தெரியாது. தெரிஞ்சதும் நேரா கடைக்குப் போயிருக்கு. அங்க நடந்தத எனக்குப் போன்ல அப்டியே பேசிக் காட்டுச்சு.

மாமா சொன்னாராம், "எடுத்துட்டீல்ல? அத்தோட விடு. யாரு போட்டான்னு எவனுக்குத் தெரியும்? கீழ 'ஆண்டவரின் எளிய ஊழியர்கள்'னு பொதுவாத்தான போட்டிருக்கு?"

"பொதுன்னா யாரு மாமா?"

"இது ஆண்டவரு வேலை. அவரு பாத்துக்குவாரு."

"அவரா மாமா டைப் பண்ணாரு?"

மாமாவுக்குக் கோவம் வந்துருச்சு. "ஏய், பொட்டப் பிள்ளைக்கு இம்புட்டு வாயா!"ன்னு கடையில நின்ன ஆளுக முன்னாடியே கத்திட்டாரு. அவரு கெட்டவரு இல்ல. எங்க அப்பா செத்தப்ப பெட்டி தூக்குனவரு. குழு கலஞ்சுரும்னு பயந்தாரு, அதான்.

ஸ்டெல்லா தனியா பஸ் ஏறி அந்த ஊருக்குப் போச்சு. நான் வேணாம்னேன், அம்மாவும் வேணாம்னுச்சு. அங்க பிள்ளையோட அப்பா தக்காளிப் பெட்டி ஏத்திக்கிட்டு இருந்தாராம். யாரும்மான்னாரு. "அந்த வெப்சைட்ட நடத்துறது நாந்தேன் அய்யா. டைப் பண்ணுனது நாந்தேன்"னுச்சாம். அவரு பெட்டியக் கீழ வச்சாரு. அடிப்பாருன்னு நெனச்சுச்சாம். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"செபம் பண்றேன்னு சொல்லித்தானம்மா கேட்டு வாங்குனீக?"

ஸ்டெல்லாவுக்கு அடி வாங்கியிருந்தாக் கூட அம்புட்டு வலிச்சிருக்காது. அவரு திரும்பியும் பாக்காம பெட்டி ஏத்தப் போயிட்டாரு. ஸ்டெல்லா வெயில்லயே நின்னுச்சு. செத்த நேரம் கழிச்சு அந்தப் பிள்ளதான் சொம்புல தண்ணி கொண்டாந்துச்சாம்.

"அக்கா, அத எடுத்துட்டீகளா?"

"எடுத்துட்டேம்மா."

"எல்லா எடத்துலயுமா?"

ஸ்டெல்லாவுக்கு வேற எடம் இருக்குன்னே அப்பத் தெரியாது. "எல்லா எடத்துலயும் எடுத்துர்றேன். என் பொறுப்பு"ன்னு சொல்லிருச்சு.

அப்புறம் அந்தப் பிள்ள சொன்னத எனக்குச் சொல்லும்போது ஸ்டெல்லா அழுதுருச்சு. "நான் கட்டிக்க இருந்தவருகிட்டச் சொல்லத்தான்க்கா இருந்தேன். சொல்ல தைரியம் வேணும்னுதான் அம்மாவ செபத்துக்கு அனுப்புனேன். நானாச் சொல்லி, அவரு வேணாம்னு போயிருந்தா, அது பரவால்ல."

அதுக்கப்புறம் ஸ்டெல்லா வெப்சைட்ட மாத்திருச்சு. பேரு கெடையாது, ஊரு கெடையாது. "ஒரு சகோதரிக்கு", "ஒரு அப்பாவுக்கு", அம்புட்டுத்தேன். அதையும் அவங்ககிட்டயே கேட்டுட்டுத்தான் போடும். கீழ, தப்பு இருந்தா கேக்க வேண்டிய ஆளு நான்னு அது பேர எழுதி, எங்க வந்து கேக்கலாம்னும் எழுதுச்சு. ஒரு பொட்டப் பிள்ள இப்டி எழுதுறதான்னு அம்மா ஏசுச்சு. மாமா, டைப் பண்ண பிஸ்கட் டப்பாவ ஸ்டெல்லாகிட்டக் குடுக்கிறத நிறுத்திட்டாரு; நேரா வந்து கேக்குறவங்களுக்கு மட்டும் அது போட்டுச்சு. எங்க ரூமுலயே, "ஒரு சகோதரின்னா எந்தச் சகோதரி? யாருக்குன்னு செபிக்கிறது?"ன்னு மொனகுனாங்க. கூட்டம் கொறஞ்சுச்சு. கடைசியில நானும் தேவராஜும்தான்.

அப்பத்தான் ஒரு நாள் ஸ்டெல்லா அந்தப் பிள்ள பேரப் போட்டு இன்டர்நெட்டுல தேடிப் பாத்துச்சு. வேற ஒரு வெப்சைட்டுல அப்டியே இருந்துச்சு. எங்கயோ வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுக நடத்துறது. நல்ல எண்ணத்துலதான், நெறய பேரு செபிக்கட்டும்னு எங்க பக்கத்த எல்லாம் எடுத்துப் போட்டு வச்சிருக்காங்க. ஸ்டெல்லா மெயில் போட்டுச்சு. பதில் இல்ல. மறுபடி போட்டுச்சு. பதில் இல்ல.

அப்பத்தான் காய்ச்சல் வந்துச்சு.

ஆஸ்பத்திரியில இருந்து பேசுனப்பவும் அதத்தான் கேட்டுச்சு. "அண்ணே, பாஸ்வேர்டு சொல்றேன் எழுதிக்க. அவங்க பதில் போட்டாங்களான்னு பாரு."

"மொதல்ல ஒடம்பப் பாரு பிள்ள"ன்னேன்.

"நான் சொல்லிட்டு வந்துட்டேண்ணே அந்தப் பிள்ளகிட்ட"ன்னுச்சு.

அதுதான் கடைசி. பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீசுல இருந்துச்சு. ஊருக்குப் போகணும்னு எழுதிக் குடுத்தேன். மேனேஜர் லீவு. மேனேஜர் வந்தாரு, சீல் வைக்கிற ஆளு இல்ல. சீலு வந்துச்சு, அரபியில எழுதுனதுல என் பேரு தப்பு, மறுபடி போன்னாங்க. நான் திண்டுக்கல்லு போயி எறங்குனப்ப மண்ணு காஞ்சு, மேல வச்ச பூவும் காஞ்சிருந்துச்சு.

5

திரும்பி வந்ததும் அந்த வெப்சைட்டுக்காரங்களுக்கு நான் மெயில் போட ஆரம்பிச்சேன். இங்கிலீசு எனக்கு எங்க வரும்? ஸ்டெல்லா இல்ல, நான் அவ அண்ணன், அந்தப் பக்கத்த எடுங்கன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல எழுதுனேன். இந்தத் தடவ பதில் வந்துச்சு. எவ்வளவு சந்தோசம். தேவராஜ எழுப்பி வாசிக்கச் சொன்னேன். 'சகோதரி ஸ்டெல்லா வந்ததும் அவங்களையே எழுதச் சொல்லுங்க, காத்திருக்கிறோம்'னு போட்டிருந்துச்சு.

நான் எழுதுனது அப்டி ஆகிப்போச்சு. எங்கயோ வெளிய போயிருக்குன்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. 'வந்ததும்'னு இருந்துச்சு பாருங்க, அத அழிக்க மனசு வரல.

இங்க கோயிலுக்கு வர்ற ரீட்டாக்கா நர்சா இருக்கு. அது ரெண்டு பிள்ளைகளும் இங்கயே பொறந்து வளந்ததுக. தமிழ்ச் செபத்துக்குக் கூப்பிட்டா, புரியலம்மான்னு ரூமுக்குள்ளயே இருந்துக்கும்க. ரீட்டாக்காதான் எனக்கு சரியான இங்கிலீசுல எழுதிக் குடுத்துச்சு. எறந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க. அம்மா திண்டுக்கல்லு முனிசிபாலிட்டிக்கு நடந்து வாங்கி அனுப்புச்சு. அதுல ஸ்டெல்லா மேரின்னு இருந்துச்சு, வெப்சைட்டுல ஸ்டெல்லான்னு மட்டும் இருந்துச்சு, ரெண்டும் ஒரே ஆளான்னு கேட்டாங்க. கேக்கட்டும். அந்தப் பிள்ள நோவ ஏத்தும்போது யாரும் ஒண்ணும் கேக்கல. எடுக்கணும்னா இம்புட்டு கேள்வி.

இந்த மாசம் எடுத்துட்டாங்க. மன்னிப்புக் கேட்டும் ஒரு வரி எழுதியிருந்தாங்க. நான் திரும்பத் திரும்பத் தேடிப் பாத்தேன். இல்ல. ரீட்டாக்கா கம்ப்யூட்டர்லயும் பாத்தேன். இல்ல.

ஸ்டெல்லா, அங்க இல்ல பிள்ள. எடுத்தாச்சு.

6

காலையில அம்மா பேசும்போது, "இங்க உன்கிட்டப் பேச ஒரு ஆளு நிக்கிது"ன்னு போனக் குடுத்துச்சு. அந்தப் பிள்ள. வருசப் பூசைக்கு வந்திருக்கு. அது கொரல நான் அப்பத்தான் மொத மொதலாக் கேக்குறேன்.

"அண்ணே, எடுத்தாச்சாண்ணே?"

ஆமான்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஸ்டெல்லா அப்டிச் சொல்லியிருக்காது.

"அந்த வெப்சைட்டுல எடுத்தாச்சும்மா. எல்லா எடத்துலயும் எடுத்தாச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இங்க பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்க. மெயில்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பியிருக்காங்க. அதெல்லாம் எங்க எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியல."

பின்னாடி கோயில் மைக்குல பாட்டுக் கேட்டுச்சு.

"இத ஊர்ல எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதலாம்னு இருக்கேன். எழுதட்டுமா? நீ வேணாம்னா வேணாம்"னேன்.

"பேரு வேணாம்ணே. ஊரு வேணாம். நோவு வேணாம்." அப்புறம், "அக்கா வீட்டுக்கு வந்தத மட்டும் எழுதுங்க. வேற யாரும் வரல"ன்னுச்சு.

எழுதிட்டேன்.

இதப் படிக்கிற நம்ம ஊர்க்காரங்க, குவைத்துல, துபாயில, மலேசியாவுல எங்க இருந்தாலும், ஸ்டெல்லா வெப்சைட்டுல எடுத்த பழைய செபத் தாள் ஏதாவது பைபிளுக்குள்ள மடிச்சு வச்சிருந்தீங்கன்னாக் கிழிச்சிருங்க. மெயில்ல இருந்தா அழிச்சிருங்க. தொறந்து பாக்காம அழிங்க. எந்தப் பிள்ளைன்னு ஏற்கனவே தெரிஞ்சவங்க, உங்களோட வச்சுக்கங்க. ஸ்டெல்லா சொல்லிட்டு வந்தத என்னால முடிக்க முடியல, நீங்க கை வச்சாத்தான் முடியும்.

அப்புறம், எல்லாரும் செத்த நேரம் செபிங்க. ஸ்டெல்லாவுக்காக நல்லாப் பேரச் சொல்லிச் செபிங்க, ஸ்டெல்லா மேரின்னு சத்தமாவே சொல்லுங்க, அது பேரு ஊரெல்லாம் கேக்கட்டும். அது முடிஞ்சதும் இன்னொரு பிள்ளைக்காகவும் ஒரு செபம். அதுக்குப் பேரு கேக்காதீங்க. யாரு மகள்னு கேக்காதீங்க. 'அந்தப் பிள்ளை'ன்னு மட்டும் மனசுக்குள்ள சொல்லி, கேட்டருளும் ஆண்டவரேன்னு முடிச்சுக்கங்க.